மர ஆலை ஏற்காத வேம்பும் லொறி அச்சில் எழுந்த கடைசல் இயந்திரமும்

இலங்கையின் வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவு வரையான ஊர்களில், போர்க்காலத்தில் நின்ற மரத்தை மர ஆலைக்குக் கொண்டுபோனால் முதலில் வரும் கேள்வி, "உள்ளே இரும்பு இருக்கிறதா?" என்பதுதான். 2008, 2009 ஆண்டுகளில் செல் என்ற எறிகணை விழுந்த வளவுகளில் நின்ற வேம்பு, மா, புளி பலவற்றில் செல் துண்டும் துப்பாக்கிச் சன்னமும் புதைந்து கிடக்கின்றன. காயத்தின்மேல் பட்டை மூடி வளர்ந்துவிட்டதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஓடும் பட்டி வாள் அந்த இரும்பில் முட்டினால் பற்கள் போய்விடும். வாள் அறுந்தால் பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஆலைக்காரர் மறுப்பதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஒருவர் கைக்குள் அடங்காத பருமனுள்ள அடிமரங்கள் செங்கல் சூளைக்கு விறகாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் மனம் வரவில்லை.

ஆலை திருப்பி அனுப்பிய அப்படியான ஒரு வேம்பிலிருந்து தொடங்கிய வேலையைப் பற்றியது இந்த ஆய்வு. ஒட்டுசுட்டானுக்கு அருகே, பரம்பரையாகத் தச்சுவேலை செய்யும் ஆசாரியார் ஒருவரின் பட்டறையில் அது நடந்தது. கட்டில் கால், தொட்டில் கம்பி, படிக்கட்டுத் தூண் என்று, மரத்தைச் சுழலவிட்டு உளியால் சீவி உருட்டும் கடைசல் வேலையில் அவர் கை தேர்ந்தவர். இயந்திரத்தின் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன்; மரத்தின் பக்கம் முழுவதும் அவருடையது. பலகையாக அறுக்க முடியாத குட்டையான அடிமரத்தைப் பிளந்து, இரண்டடி விட்டமுள்ள கிண்ணங்களாகக் கடைய வேண்டும் என்பதே நோக்கம். கிண்ணத்துக்கு நீளமான மரம் தேவையில்லை. பருமன் இருந்தால் போதும். இரும்பு இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் அதை விலக்கி வட்டம் போடலாம், அல்லது குடைந்து எடுத்துவிட்டுக் கடையலாம். பலகை அறுக்கும் ஆலைக்கு இந்த இரண்டு வழியும் இல்லை.

வேகத்தின் கணக்கு

ஆசாரியாரிடம் இருந்த சிறிய கடைசல் இயந்திரத்தில் ஓரடிக்கு மேல் விட்டமுள்ள எதையும் மாட்ட முடியாது. மரத்தைப் பிடித்துச் சுழற்றும் தலைப்பகுதியை உயர்த்திக் கட்டினால் போதாதா என்று பலரும் கேட்டார்கள். உயரம் சிறிய பிரச்சினை. பெரிய பிரச்சினை வேகம்.

கிண்ணம் கடைபவர்கள் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடத்துக்கான சுற்றால் பெருக்கினால் வரும் எண் 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்க வேண்டும். 24 அங்குலக் கிண்ணத்துக்கு அது 250 முதல் 375 சுற்று. அதுவும் வட்டமாக்கி முடித்த மரத்துக்குத்தான். சங்கிலி வாளால் வெட்டியெடுத்த முரட்டுக் கட்டைக்கு இன்னும் குறைய வேண்டும். சந்தையில் கிடைக்கும் நான்கு முனை மோட்டார் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறக்குறைய 1430 சுற்றுச் சுற்றும். அந்த வேகத்தில் இரண்டடி மரத்தைச் சுழற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டி ஓடும்.

எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 24 அங்குல விட்டமும் 8 அங்குலத் தடிப்பும் உள்ள பச்சை வேப்பங்கட்டை ஏறக்குறைய 55 கிலோ வரும். அதன் பாரமையம் சுழலும் மையத்திலிருந்து ஒரே ஒரு சென்ரிமீட்டர் விலகியிருந்தாலும், 250 சுற்றில் இயந்திரத்தை 38 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கம் மாற்றிப் பக்கம் இழுக்கும். வேகத்தை 500 ஆக்கினால் அந்த விசை நான்கு மடங்காகி 150 கிலோவைத் தாண்டும். கடையாத கட்டையில் ஒரு சென்ரிமீட்டர் விலகல் மிகச் சாதாரணம். ஒரு பக்கம் வைரமும் மறுபக்கம் வெளிறுமாக இருந்தாலே அவ்வளவு வந்துவிடும்.

எனவே எங்களுக்கு வேண்டியவை மூன்று: மெதுவான சுழற்சி, அசையாத பாரம், பாரத்தைத் தாங்கும் தடித்த அச்சு. மோட்டாரின் வலு அதற்குப் பிறகுதான். இயந்திரம் கட்டும் ஆசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மோட்டாரை முதலில் வாங்கிவிடுகிறார்கள். இரண்டு குதிரைவலு போதும் என்பது பின்னால் வரும் கணக்கில் தெரியும். பணத்தை அச்சுக்கும் பெயாரிங்குக்கும் ஒதுக்குவதுதான் சரி.

லொறியின் பின் அச்சு

வன்னியில் பழைய இரும்புக் கடைக்குப் பஞ்சமில்லை. ஐம்பது மில்லிமீட்டர் இரும்புத் தண்டையும் அதற்குப் பொருந்தும் 210 இலக்கத் தாங்கிப் பெயாரிங்குகள் இரண்டையும் வாங்கினால் தலைப்பகுதி தயாராகிவிடும் என்பது முதலில் வந்த யோசனை. மோசமான யோசனையென்று சொல்ல மாட்டேன்; ஒன்றரையடிக் கிண்ணம் வரை அது தாங்கும். ஆனால் அந்தப் பெயாரிங்குகள் உருண்டைக் குண்டுகளால் ஆனவை. முன்னும் பின்னும் தள்ளும் விசையை அவை ஓரளவே ஏற்கும். கிண்ணத்தின் உட்பகுதியைக் குடையும்போது உளி மரத்தை முன்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்குச் சாய்வு உருளைப் பெயாரிங் வேண்டும். அது சோடி சோடியாக, ஏற்கெனவே உரிய உறைக்குள் பொருத்தப்பட்டு, கடைவீதியில் கழித்துப்போட்டுக் கிடக்கிறது: லொறிச் சில்லின் நடுவே.

சிறிய லொறிகள் பலவற்றின் பின் அச்சில் ஒரு நல்ல அமைப்பு உண்டு. சில்லைத் தாங்கும் குடம், அச்சுக்குழாயின் வெளிப்புறத்தில் இரண்டு சாய்வு உருளைப் பெயாரிங்குகள்மேல் சுழலும். உள்ளே குழாய்க்குள்ளால் வரும் அரைத்தண்டு சில்லைத் திருப்புவதோடு சரி. லொறியின் பாரத்தில் ஒரு கிலோகூட அதன்மேல் விழாது. கிண்ணம் கடைய இதைவிடச் சிறந்த தலைப்பகுதியைப் புதிதாகச் செய்விக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. தொன் கணக்கில் சுமை ஏற்றிக் குன்றும் குழியுமான பாதையில் ஓடியதற்கு 55 கிலோ வேம்பு ஒரு பொருட்டே இல்லை.

கிளிநொச்சியில் ஒரு கடையில் அப்படியான அச்சு கிடைத்தது. நடுவில் பருத்திருக்கும் பகுதிக்குச் சற்று முன்னால் குழாயை அறுத்து, ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தோம். லொறியின் வில்லுத்தகடு உட்காரும் தட்டையான மேடை அந்தக் குழாயிலேயே இருக்கிறது. அதைப் பிடிக்கும் யூ வடிவ ஆணிகளும் அச்சோடு வந்தன. அவற்றைக் கொண்டே அச்சைக் கீழே இறுக்கிக்கொள்ள முடிந்ததால் குழாயில் ஒட்டுவேலை எதுவும் தேவைப்படவில்லை. சூடு காட்டாத குழாய் வளையாது.

அரைத்தண்டின் உள்நுனியில் பல்வரிசை வெட்டப்பட்டிருக்கும். அது கடினப்படுத்திய உருக்கு. சாதாரணக் கடைசல் உளி அதில் வழுக்கும். அதை வெட்ட முயலாமல், அதே பல்வரிசையில் பொருந்தியிருந்த பக்கப் பல்சில்லையும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினோம். அதன் கழுத்துப்பகுதி உருண்டையாக, வழவழப்பாகக் கடைந்தது. பெல்ட் ஓடும் கப்பியின் துளையை அந்தக் கழுத்தின் அளவுக்கு வவுனியாவில் ஒரு பட்டறையில் குடைவித்து, ஏற்றி ஆணியிட்டோம். பெல்ட் இழுக்கும் விசையில் தண்டு வளையாமல் இருக்க, கப்பியை ஒட்டி ஒரு தாங்கிப் பெயாரிங்கும் வைத்தோம். முதலில் தள்ளிவைத்த 210 இலக்கத்தின் குடும்பம் இங்கே பயன்பட்டது.

முன்பக்கத்தில் ஒரு சிக்கல். குடத்தின் மூக்கு சில்லு ஆணிகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தைத் திருகிப் பிடிக்கும் தட்டையான முகத்தகட்டை நேரே வைத்தால் உட்காராது. தடித்த குழாய்த்துண்டின் இரு முனைகளிலும் இரும்பு வளையங்கள் ஒட்டுவித்து, மூக்கு உள்ளே அடங்கும்படி ஒரு முகத்தகடு செய்வித்தோம். அது ஆணிகளில் ஏறி, லொறிச் சுரைகளாலேயே இறுகுகிறது. புரிமுறையில் திருகும் முகத்தகடு திடீரென நிறுத்தும்போது கழன்று ஓடும் அபாயம் இதில் கிடையாது. பொருத்திய பிறகு, தன் அச்சிலேயே சுழலவிட்டு அதன் முகத்தைச் சீவிச் சமப்படுத்தினோம். வேறு இயந்திரத்தில் எவ்வளவு நுட்பமாகச் சீவினாலும், சொந்த அச்சில் சீவியது போல நேராக ஓடாது.

பெயாரிங்குகளைப் புதிதாகவே போட்டோம். குடத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே சுரையை இறுக்கி, சற்றுத் தளர்த்தி, ஆட்டம் முற்றாக இல்லாத இடத்தில் பூட்டுத்தகட்டை மடக்க வேண்டும். பழைய பிரேக் குடத்தைக் கழற்றாமல் விட்டு, பிரேக்கைக் கைப்பிடியால் இயங்கும்படி அமைத்தோம். 55 கிலோ மரம் மோட்டாரை நிறுத்திய பிறகும் நெடுநேரம் சுழலும். அதைக் கையால் தேய்த்து நிறுத்தும் பழக்கம் ஆகாது. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், குடத்தினுள் இருந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்துப் பட்டைகளையும் மாற்றினோம்.

பீடமும் பெல்ட்டும்

பீடத்தைச் சீமெந்துக் கொங்கிறீற்றில் வார்த்தோம். அரை மீட்டர் சதுரமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள தூண் ஏறக்குறைய 600 கிலோ வரும். அதன் அடி நிலத்துக்குள் இரண்டடி இறங்கி அகன்ற அத்திவாரத்தில் நிற்கிறது. அச்சின் மையம் ஆசாரியாரின் முழங்கை உயரத்துக்கு வரும்படி அளவெடுத்தோம். ஆணிகள் வார்ப்பில் விலகாமல் இருக்க, அச்சின் மேடைத் துளைகளைப் பலகையில் பிரதிசெய்து அதில் ஆணிகளைத் தொங்கவிட்டு வார்ப்பது முக்கியம். ஈரச்சாக்குப் போர்த்தி வைத்து, ஒரு மாதத்துக்குப் பிறகே பாரம் ஏற்றினோம்.

வேகத்தைக் குறைக்க இன்று பலரும் மின்னணு வேகமாற்றியை நாடுகிறார்கள். அது மூன்று கட்ட மோட்டாருக்குரியது. நல்ல கருவிதான். ஆனால் அதை மட்டும் நம்பி 1430ஐ 180 ஆக இறக்கினால் மோட்டாரின் திருப்புவிசை கூடாது, சுற்றுத்தான் குறையும். இரண்டு குதிரைவலு மோட்டார் அப்படி ஓடும்போது இரண்டடிக் கிண்ணத்தின் விளிம்பில் மூன்று கிலோவுக்குச் சற்று மேற்பட்ட விசைதான் கிடைக்கும். உளி பட்டதும் நின்றுவிடும். மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் சூடும் ஏறும். கப்பிகளால் இறக்கினால், பெல்ட்டில் இழப்பது போக, அதே மோட்டார் விளிம்பில் ஏறக்குறைய 24 கிலோ விசையைத் தரும். கப்பியும் பெல்ட்டும் வேலைசெய்யும் இடத்தில் மின்னணுவியலை நுழைக்காமல் இருப்பதே ஊர்ப்பட்டறைக்கு ஏற்றது. ஐப்பசி இடி மின்னலில் பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

மோட்டாரில் 3 அங்குலக் கப்பி, இடைத்தண்டில் 12 அங்குலக் கப்பி. இடைத்தண்டிலிருந்து அச்சுக்கு மூன்று படிகள்: நான்குக்கு எட்டு, ஐந்துக்கு ஏழு, ஆறுக்கு ஆறு. கூட்டுத்தொகை எல்லாவற்றிலும் 12 என்பதால் ஒரே பெல்ட் மூன்று படிகளிலும் பொருந்துகிறது. கிடைக்கும் வேகம் 179, 255, 357. முரட்டுக் கட்டைக்கு முதலாவது, வட்டமான பின் இரண்டாவது, தேய்த்து முடிக்க மூன்றாவது.

மோட்டாரைக் கீல் வைத்த பலகையில் ஏற்றியது ஆசாரியாரின் யோசனை. மோட்டாரின் எடையே பெல்ட்டை இறுக்கி வைத்திருக்கும். மிதியை அழுத்தினால் பலகை எழும்பி பெல்ட் தளரும். மோட்டாரை முதலில் வெறுமனே ஓடவிட்டு, பிறகு மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தால் மரம் அசைந்து அசைந்து சுழலத் தொடங்குகிறது. ஒரு கட்ட வீட்டு மின்சாரத்தில் தொடக்க இழுவையால் விளக்குகள் மங்கும் தொல்லை இதனால் பெரிதும் குறைந்தது. நெல் ஆலைகளில் பட்டைப் பெல்ட்டைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது இயல்பாக வந்திருக்க வேண்டும்.

வாற்பகுதிக்கு ஒரு திருகு ஜாக்கைப் படுக்கவைத்து, அதன் தலையில் சுழலும் கூர்முனை பொருத்தினோம். முரட்டுக் கட்டையை முகத்தகடு பிடிப்பது மட்டும் போதாது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஓடவிட்டுப் பார்த்தபோது தூண் அசையவில்லை. 255 சுற்றில் நடுக்கம் வந்தது உளி தாங்கியின் தண்டிலிருந்து. 25 மில்லிமீட்டர் தண்டை எடுத்துவிட்டு 40 மில்லிமீட்டர் போட்டதும் நின்றுவிட்டது. விட்டத்தின் நான்காம் அடுக்கில் விறைப்பு ஏறுவதால் இந்தச் சிறு மாற்றமே ஆறு மடங்குக்கு மேல் விறைப்பைத் தருகிறது.

மரத்துக்குள் இரும்பு தேடுதல்

வளவு மரமாக இருந்தாலும் வெட்டவும் வீதியால் ஏற்றவும் உள்ள விதிகளைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முதிரை, பாலை, கருங்காலி ஆகியவற்றை நாங்கள் தொடுவதில்லை. வன்னிக் காடுகளில் நடக்கும் களவு வெட்டுக்கு ஒரு கிண்ணம்கூடச் சந்தையாக அமையக்கூடாது என்பதில் ஆசாரியார் உறுதியாக இருக்கிறார். முதிரைத் தூள் பலருக்குத் தோலில் தடிப்பையும் உண்டாக்கும்.

அடிமரம் வந்ததும் முதலில் பட்டையைப் பார்க்கிறார். பட்டையின் ஓட்டம் குலைந்து உதடு போல மடிந்திருக்கும் இடம், காரணமில்லாத புடைப்பு, பழைய பிசின் தடம் ஆகியவற்றில் சோக்கட்டியால் வட்டமிடுகிறார். அடுத்து வெட்டுமுகம். மரத்திலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் நீலங்கலந்த கறுப்பு நிறமாகும். அந்தக் கறை நாரோட்டத்தோடு மேலும் கீழும் இழுபட்டுப் போகும். பக்கவாட்டில் அதிகம் பரவாது. வெட்டுமுகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால், அதே நேரில் எங்கோ இரும்பு இருக்கிறது என்று பொருள். காந்தம் செல் துண்டைக் காட்டும். செம்பும் ஈயமுமான சன்னத்தைக் காட்டாது. ஆகவே கையடக்க உலோகம் காட்டும் கருவி ஒன்றும் வாங்கினோம். அதுவும் ஆழத்தில் கிடப்பதைப் பிடிக்காது. கட்டையைப் பிளந்த பிறகு ஒவ்வொரு முகத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

முதற் கட்டையில் இரண்டு இடங்களில் கருவி ஒலித்தது. ஒன்று வட்டத்துக்கு வெளியே விழுந்தது. மற்றது கிண்ணத்தின் சுவருக்குள்ளேயே இருந்தது. 179 சுற்றில் கடைந்து வந்தபோது, பழுப்புச் சுருள்களுக்கு நடுவே ஒரு சுருள் கறுத்து வந்தது. ஆசாரியார் உடனே மிதியை அழுத்திப் பிரேக்கைப் பிடித்தார். விரலால் தடவினார், ஒன்றும் தட்டுப்படவில்லை. சிறு உளியால் கறுப்பைப் பின்தொடர்ந்து தோண்டியபோது, புளியங்கொட்டை அளவில் ஓரமெல்லாம் கிழிந்த ஓர் இரும்புத் துண்டு வந்தது. அதைச் சுற்றியிருந்த மரம் விரல் அகலத்துக்கு மை ஊற்றியது போல இருந்தது. வேகமான இயந்திரமாக இருந்தால், கறுத்த சுருளைக் கண்ணால் காணுமுன் உளி இரும்பில் விழுந்திருக்கும்.

துளையை மரத்தூளும் பசையும் இட்டு அடைக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. மரம் காயும்போது சுருங்கும், பசை சுருங்காது. அடைத்தால் பிறகு அந்த இடத்தில்தான் வெடிக்கும்" என்றார். துளை அப்படியே இருக்கிறது.

காயவைத்தல்

மரத்தின் நடுக்குருத்து கிண்ணத்துக்குள் வரக்கூடாது. குருத்தின் வழியே பிளந்து, அதை ஒட்டிய இரண்டு அங்குலத்தைச் சீவி எறிந்துவிட்டே வட்டம் போட வேண்டும். பச்சையாக இருக்கும்போதே முதற் கடைசலை முடித்து, சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்குத் தடிப்பில் விட வேண்டும்; 24 அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டரை அங்குலம். காயும்போது மரம் வளையத்தின் வழியே சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே செல்லும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே வட்டக் கிண்ணம் முட்டை வடிவாகும். தடிப்பு இருந்தால்தான் பிறகு மீண்டும் வட்டமாக்கலாம். முகத்தகட்டின் திருகாணிகள் கிண்ணத்தின் அடிக்குமிழில்தான் ஏறியிருக்கும்; இரண்டாவது கடைசலின் முடிவில் அந்தக் குமிழைச் சீவிவிடலாம்.

வன்னியில் எல்லா மாதமும் இந்த வேலைக்கு ஒத்துவராது. வறண்ட சோளகக் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின்கீழ் விட்ட கிண்ணம் வெடிக்காமல் தப்புவது அரிது. மாரி மழை தொடங்கிய பின் முதற் கடைசலைச் செய்து, விளிம்பிலும் நார்முனைகளிலும் மெழுகு தடவி, கடதாசியில் சுற்றி, நெல் மூட்டை அறையில் வைப்பதுதான் நன்றாக வருகிறது. அவ்வப்போது தராசில் நிறுத்து எடையைக் கிண்ணத்தின் அடியிலேயே எழுதி வைக்கிறார் ஆசாரியார். எடை இறங்குவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது. வேறு கருவி எதுவும் தேவையில்லை.

உளிகளில் ஒன்று லொறியின் வில்லுத்தகட்டில் ஊர்க் கொல்லர் அடித்துத் தந்தது. முரட்டு வேலைக்கு அது நல்லது. சூடேறினால் கூர் மழுங்கிவிடும் என்பதால் முடிப்பு வேலைக்கு அதிவேக உருக்கு உளியையே எடுக்கிறார். கைப்பிடி இரண்டடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பட்டறையில் சாரம் உடுத்து வேலை செய்வது நம் ஊர்ப் பழக்கம். இந்த இயந்திரத்துக்கு அருகே அதற்கு இடமில்லை. தோளில் துண்டும் கூடாது. முகக் கவசம் போட்டு, மரம் சுழலும் நேர்க்கோட்டுக்கு வெளியே நின்றே மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

இதே போன்ற ஒன்றைக் கட்ட விரும்புபவர்கள் அச்சை முதலில் வாங்க வேண்டும். தூணின் உயரம், ஆணிகளின் இடைவெளி, கப்பித் துளை, பெல்ட்டின் நீளம் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. வாங்கும்போது குடத்தைச் சுழற்றிப் பார்ப்பதோடு நிற்காமல் கழற்றிப் பார்க்க வேண்டும். பெயாரிங் தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். பெயாரிங் உட்காரும் குழாய்ப் பகுதியில் பள்ளமோ நீலம் பாய்ந்த சூட்டுத் தடமோ இருந்தால் அந்த அச்சை விட்டுவிட வேண்டும். பக்கப் பல்சில்லை அதே கடையில், அதே அச்சிலிருந்து, அன்றே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு தேடினால் பொருந்தும் பல்வரிசை கிடைக்காது.